பனிக்கும் மேடு பள்ளம் தெரியும்

பெக்கான் நானாஸ் வாசிகளான நமக்குத் தெரிந்த பனி இரண்டுதான். ஒன்று, விடியற்காலையில் அன்னாசித் தோட்டங்களின் மேல் படரும் மூடுபனி. மற்றொன்று, கடையில் கிண்ணம் நிறையக் குவித்துத் தரும் ஐஸ் கச்சாங். பொந்தியான் சாலையில் தினமும் போய்வருகிற ஒருவரிடம், “தென் துருவத்தில் பனி எங்கே அதிகமாகச் சேரும்?” என்று கேட்டால், “அங்கேதான் எல்லா இடத்திலும் பனியாச்சே, எங்கே சேர்ந்தால் என்ன?” என்று சிரித்துவிட்டுப் போவார்.

நியாயமான பதில்தான். ஆனால் பத்தாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருக்கும் அந்த வெள்ளைக் கண்டத்தில் பனி மேட்டில் சேர்கிறதா, பள்ளத்தில் சேர்கிறதா என்ற கேள்விக்கும், குக்கூப் கரையோரத்தில் நாளை நிற்கப்போகும் கடல்நீரின் அளவுக்கும் தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பனி விழும் பாலைவனம்

அண்டார்க்டிகா ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோ மீட்டர் பரப்புள்ளது. அதன் மேல் மூடியிருக்கும் பனிக்கட்டியின் சராசரிக் கனம் ஏறத்தாழ 2 கிலோ மீட்டர். இவ்வளவு பனி இருப்பதால் அங்கே ஓயாமல் பனி கொட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கண்டத்தின் நடுப்பகுதி உண்மையில் ஒரு பாலைவனம். ரஷ்யாவின் வோஸ்டாக் நிலையம் இருக்கும் இடத்தில் ஓர் ஆண்டு முழுவதும் விழும் பனியை உருக்கினால் 2 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்தான் கிடைக்கும். ஜோகூரில் ஒரு மாலை மழையே அதைவிட அதிகமாகப் பெய்துவிடும்.

விழுவது கொஞ்சம் என்றாலும் அது உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு படிந்து, கீழே உள்ள பனி மேலுள்ள பாரத்தால் அழுத்தப்பட்டு, பல பத்து மீட்டர் ஆழத்தில் கெட்டியான பனிக்கட்டியாகிவிடுகிறது. அதற்குள் அந்தந்தக் காலத்துக் காற்றும் குமிழ்களாகச் சிறைப்படுகிறது.

இங்கே காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டத்தின் நடுவே உள்ள உயர்ந்த சமவெளியில் காற்று கடுமையாகக் குளிர்ந்து கனத்துவிடுகிறது. கனத்த காற்று, சரிவில் தண்ணீர் இறங்குவதுபோலக் கடற்கரையை நோக்கி இறங்குகிறது. சரிவு எங்கே செங்குத்தாகிறதோ அங்கே வேகம் கூடும். எங்கே தரை சமமாகிறதோ அங்கே வேகம் குறையும். டக்ளஸ் மாசன் தலைமையில் 1911 முதல் 1914 வரை பயணம் மேற்கொண்ட ஆஸ்திரேலியக் குழு தங்கிய டெனிசன் முனையில், ஆண்டு முழுவதற்குமான சராசரிக் காற்று வேகமே மணிக்கு ஏறத்தாழ 80 கிலோ மீட்டர். நம் ஊரில் அப்படி ஒரு மணி நேரம் அடித்தால் கூரைத் தகரங்கள் பறந்துவிடும்.

அந்தக் காற்று விழுந்த பனியை விழுந்த இடத்தில் இருக்க விடுமா? வேகமாகப் போகும் இடத்தில் பனியை வாரிக்கொண்டு போகும். வேகம் தளரும் இடத்தில் இறக்கி வைத்துவிடும். தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி கிளப்பும் புழுதி எங்கே படிகிறது என்று பாருங்கள். காற்று தடையின்றி ஓடும் மேட்டில் படியாது. வேலிக்குப் பின்னாலும் வாய்க்கால் ஓரப் பள்ளத்திலும்தான் படியும். பனிக்கும் அதே நியாயம்தான்.

கம்பு நட்டு அளந்தவர்கள்

இதை ஊகமாகச் சொல்லிவிட்டுப் போகாமல் அளந்து காட்டியவர்கள் 1960களின் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் கையில் இருந்த கருவி மிக எளிமையானது: கம்பு. பனியில் வரிசையாகக் கம்புகளை நட்டு, வெளியே தெரியும் நீளத்தைக் குறித்து வைப்பார்கள். அடுத்த ஆண்டு வந்து மீண்டும் அளப்பார்கள். கம்பு எவ்வளவு குட்டையாகிவிட்டதோ அவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது.

கிழக்கு அண்டார்க்டிகாவின் வில்க்ஸ் வட்டாரத்தில் கிடைத்த அளவுகளை பிளாக், வில்லியம் பட் ஆகிய இருவரும் 1964-ல் வெளியிட்டார்கள். மேற்கு அண்டார்க்டிகாவில் அமெரிக்காவின் பேர்ட் நிலையத்தைச் சுற்றிய அளவுகளை அந்தோணி கோ, ரோலண்ட் ஆகிய இருவரும் 1965-ல் வெளியிட்டார்கள். பனிப்பரப்பின் மேடு பள்ளங்களும் பனி சேரும் அளவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே அவர்கள் கண்ட செய்தி. பள்ளங்களில் பனி கூடுதலாகச் சேர்கிறது. மேடுகளிலும் சரிவுகளிலும் குறைகிறது.

இங்கே மேடு பள்ளம் என்றால் குனோங் பூலாய் மலையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். சில கிலோ மீட்டர் தூரத்துக்குத் தரை சில மீட்டரோ சில பத்து மீட்டரோ ஏறி இறங்கும், அவ்வளவுதான். நடந்து போகிறவருக்கு எல்லாமே ஒரே சமவெளியாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு காற்றுக்குத் தெரிகிறது. அதனால்தான் சில கிலோ மீட்டர் இடைவெளியில் நட்ட இரண்டு கம்புகள் முற்றிலும் வெவ்வேறு கணக்குச் சொல்கின்றன.

வானொலியில் வானிலை சொல்லும்போது, “ஜோகூரில் பிற்பகலில் இடியுடன் கூடிய மழை” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பொந்தியானில் கொட்டித் தீர்க்கும் அதே நேரத்தில் கூலாயில் சொட்டுத் தூறல்கூட இல்லாமல் இருப்பதுண்டு. துருவத்தில் ஒரே ஒரு கம்பை வைத்துக்கொண்டு வட்டாரம் முழுவதற்கும் கணக்குச் சொல்வதும் அப்படித்தான்.

பள்ளம் ஏன் நிரம்பிவிடவில்லை?

இந்த இடத்தில் விவரமான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். பள்ளத்தில் பனி ஆண்டுதோறும் கூடுதலாகச் சேர்ந்தால் ஒருநாள் பள்ளம் நிரம்பி எல்லாம் சமமாகிவிட வேண்டாமா? ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அது ஏன் நடக்கவில்லை?

விடை, பனிக்கட்டியின் அடியில் இருக்கிறது. அந்த 2 கிலோ மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி அசையாமல் கிடப்பதில்லை. தன் பாரத்தாலேயே மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. அதற்குக் கீழே பாறைத் தரை இருக்கிறது. அதில் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் உண்டு. ஆற்றில் ஒரு பெரிய கல் கிடந்தால் அதன் மேல் ஓடும் தண்ணீரில் ஒரு புடைப்பு நிற்குமே, அதுபோல் அடியில் உள்ள பாறையின் சாயல் மேற்பரப்பிலும் தெரிகிறது. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்; புடைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பனியிலும் அதே கதை. பள்ளத்தில் சேர்ந்த கூடுதல் பனியை ஓட்டம் சுமந்துகொண்டு போய்விடுகிறது. பாறை நகராததால் பள்ளம் அங்கேயே மிஞ்சுகிறது.

இதனால் ஆழ்துளை போட்டுப் பழங்காலப் பருவநிலையைப் படிக்கிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. பேர்ட் நிலையத்தில் 1968-ல் 2,164 மீட்டர் துளைத்து அடிப்பாறையைத் தொட்டார்கள். அந்தத் துளையின் ஆழத்தில் கிடைக்கும் பனிக்கட்டி அதே இடத்தில் விழுந்த பனி அல்ல. வெகுதூரத்துக்கு அப்பால் மேற்புறத்தில் விழுந்து நகர்ந்து வந்தது. வழியில் அது எத்தனை மேடுகளையும் பள்ளங்களையும் கடந்ததோ! ஓர் அடுக்கு தடிமனாக இருந்தால் அந்தக் காலத்தில் பனி அதிகம் விழுந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. அது பள்ளத்தில் விழுந்த பனியாகவும் இருக்கலாம். அதனால்தான் ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும் உச்சிகளைத் தேடிப்பிடித்துத் துளைக்கிறார்கள். 8 லட்சம் ஆண்டுகள் பழைய பனிக்கட்டியைத் தந்த ஐரோப்பியர்களின் ‘டோம் சி’ அப்படிப்பட்ட ஓர் உச்சிதான்.

பனிப்பரப்பின் விசித்திரம் இத்தோடு முடியவில்லை. கிழக்கு அண்டார்க்டிகாவின் சமவெளியில் 2 முதல் 5 கிலோ மீட்டருக்கு ஒன்றாக, சில மீட்டர் உயரமே உள்ள மாபெரும் பனி அலைகள் 5 லட்சம் சதுர கிலோ மீட்டருக்கு மேல் பரவியிருக்கின்றன. மலேசியாவைவிடப் பெரிய பரப்பு! மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாத இவற்றின் ஒழுங்கை விண்கோள்தான் காட்டிக்கொடுத்தது. பாலைவன மணல்மேடு காற்று போகும் திசையில் நகரும். இந்தப் பனிமேடுகளோ காற்றை எதிர்த்து நகர்கின்றன. காற்று வரும் பக்கத்தில் பனி படிகிறது, மறுபக்கத்தில் துடைக்கப்படுகிறது. அதனால் மேடு கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை நோக்கி முன்னேறுகிறது.

வேறு சில இடங்களில் காற்று பனியைச் சுத்தமாகத் துடைத்துவிட, அடியிலுள்ள பழைய நீலப் பனிக்கட்டி வெளியே தெரியும். 1969-ல் ஜப்பானியர்கள் யமாத்தோ மலைகளுக்கு அருகே அப்படிப்பட்ட இடத்தில் 9 விண்கற்களைக் கண்டெடுத்தார்கள். அதன் பிறகு இதே மாதிரி இடங்களில் பல்லாயிரம் விண்கற்கள் கிடைத்திருக்கின்றன.

புதைந்துபோன தட்சிண கங்கோத்ரி

மேடும் பள்ளமும் இயற்கையாக அமைய வேண்டும் என்பதில்லை. மனிதன் ஒரு வீடு கட்டினாலும் காற்றுக்கு அது ஒரு மேடுதான். இதை மறக்க முடியாத விதத்தில் கற்றுக்கொண்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

எஸ். இசட். காசிம் தலைமையிலான முதல் இந்தியக் குழு 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் கால் வைத்தது. அடுத்து ஹர்ஷ் குப்தா தலைமையில் 1983-84-ல் சென்ற மூன்றாவது குழு, கடலோரப் பனித்தட்டின் மேல் ஒரே கோடைக்காலத்தில் ஒரு நிலையத்தைக் கட்டி முடித்தது. அதற்குத் தட்சிண கங்கோத்ரி என்று பெயர். ‘தெற்கின் கங்கோத்ரி’ என்று பொருள். அங்கே ஓர் அஞ்சலகம்கூட இயங்கியது.

ஆனால் தட்டையான பனிவெளியில் நின்ற ஒரே மேடு அந்தக் கட்டடம். காற்று அதில் மோதி வேகம் தளர்ந்தது. சுமந்து வந்த பனியைச் சுற்றிலும் இறக்கியது. ஆண்டுக்கு ஆண்டு பனி ஏறிக்கொண்டே வந்து கட்டடத்தை விழுங்கியது. 1990-ல் நிலையத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. கட்டி ஆறே ஆண்டுகளில்!

பாடம் வீணாகவில்லை. 1989-ல் உருவான மைத்ரி நிலையம், பனி மூடாத ஷிர்மாக்கர் பாறைப் பகுதியில் கட்டப்பட்டது. 2012-ல் திறக்கப்பட்ட பாரதி நிலையம் 134 சரக்குக் கொள்கலன்களை உள்ளே வைத்து, தூண்கள்மீது உயர்த்திக் கட்டப்பட்டது. கட்டடத்துக்கு அடியில் இடைவெளி இருந்தால் காற்று அங்கே புகுந்து விரைந்து, பனியைத் தானே பெருக்கிக்கொண்டு போய்விடும். நம் மூதாதையர் ஆற்றோரத்தில் வெள்ளத்துக்கு அஞ்சித் தூண் வீடு கட்டினார்கள். அங்கே பனிக்கு அஞ்சிக் கட்டுகிறார்கள்.

பிரிட்டனின் ஹேலி நிலையத்தில் முதல் நான்கு கட்டடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியில் புதைந்து நசுங்கின. இப்போதுள்ள ஆறாவது நிலையத்துக்கு, தூக்கி உயர்த்தக்கூடிய கால்களும் அந்தக் கால்களுக்கடியில் சறுக்குப் பலகைகளும் இருக்கின்றன. தென் துருவத்திலுள்ள அமெரிக்க நிலையமும் 2008 முதல் தூண்கள்மீதுதான் நிற்கிறது.

வரவு செலவுக் கணக்கு

சரி, கட்டடம் கட்டுகிறவர்களுக்கு இது முக்கியம். நமக்கு?

அண்டார்க்டிகாவை ஒரு வங்கிக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். விழும் பனி வரவு. கடலில் உடைந்து விழும் பனிப்பாறைகளும் அடியில் உருகும் பனியும் செலவு. ஆண்டு வரவு 2,000 பில்லியன் டன்னுக்கும் மேல். செலவு அதைவிடக் கூடுதலாக இருப்பதால், விண்கோள் அளவுகளின்படி 2002 முதல் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 150 பில்லியன் டன் கையிருப்பு கரைந்து கடலில் சேர்கிறது. சுமார் 360 பில்லியன் டன் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மில்லிமீட்டர் உயரும்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவு 2,000, பற்றாக்குறை 150. அதாவது வரவில் ஏழு, எட்டு விழுக்காடு. பள்ளத்தில் மட்டும் கம்பு நட்டு வரவை எட்டு விழுக்காடு கூடுதலாகக் கணக்கிட்டால், பற்றாக்குறையே இல்லை என்று தாள் சொல்லும். மேட்டில் மட்டும் நட்டுக் குறைத்துக் கணக்கிட்டால், பற்றாக்குறை இரட்டிப்பாகத் தெரியும். மேடு பள்ளக் கணக்கில் அறிவியலாளர்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் இன்று ஒரே வழியை நம்பி யாரும் முடிவு சொல்வதில்லை. 2018-ல் ஏவப்பட்ட ஐஸ்சாட்-2 விண்கோள் லேசர் கதிரால் பனிப்பரப்பின் உயரத்தை அளக்கிறது. கிரேஸ் விண்கோள் இணைகள் ஈர்ப்பு விசையின் மாற்றத்தை வைத்துப் பனியின் எடையையே நிறுத்துப் பார்க்கின்றன. தரையில் கம்புகளும், பனிக்குள் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ரேடார்களும் இருக்கின்றன. பல வழிகளில் வரும் விடைகளை ஒப்பிட்டுத்தான் கணக்கை முடிக்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று சூடானால் அது கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு. ஆகவே உலகம் சூடாகும்போது அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் பனிப்பொழிவு கூடவும் வாய்ப்புண்டு. செலவு பெருகும்போது வரவும் கொஞ்சம் பெருகலாம். எது முந்தும் என்பதை அறிய வரவைச் சரியாக எண்ணியாக வேண்டும்.

மலேசியாவுக்கு என்ன வேலை?

வெப்ப நாட்டுக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1982-ல் அப்போதைய பிரதமர் மகாதீர், அண்டார்க்டிகா ஒரு சில நாடுகளின் சொத்தாக இருக்கக் கூடாது என்ற கருத்தை ஐ.நா. பொதுச்சபையில் எழுப்பினார். பின்னர் நியூசிலாந்தின் ஒத்துழைப்புடன் நம் ஆராய்ச்சியாளர்கள் அங்கே போய்வரத் தொடங்கினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசிய அண்டார்க்டிகா ஆராய்ச்சி மையம் அமைந்தது. அந்த மையத்துக்குத் தலைமையேற்ற பேராசிரியர் அசிசான் அபு சாமா ஒரு வானிலை அறிஞர். 2011-ல் மலேசியா அண்டார்க்டிகா உடன்படிக்கையில் இணைந்தது.

அக்கறைக்குக் காரணம் இருக்கிறது. பிரம்மாண்டமான பனிக்கட்டிக்கு ஈர்ப்பு விசை உண்டு. அது சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளரும். அண்டார்க்டிகாவுக்குப் பக்கத்தில் கடல் இறங்கும். தொலைவில், நம்மைப் போன்ற நிலநடுக்கோட்டு நாடுகளில் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறும். தென் துருவத்துக் கணக்கில் பிழை விழுந்தால் அதன் விலையை முதலில் கொடுப்பவர்களில் நாமும் இருப்போம்.

இங்கே கம்பு நீள்கிறது

இப்போது வீட்டுக்குத் திரும்புவோம். பெக்கான் நானாஸுக்கு அன்னாசியால் பெயர் வந்தது. இந்த வட்டாரத்து அன்னாசிக்கு வாழ்வு தந்தது ‘தானா கம்புட்’. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கருமண். யோசித்துப் பார்த்தால் அதுவும் துருவப் பனிபோலத்தான்: ஆண்டுக்கு ஒரு மெல்லிய அடுக்கு, அதன்மேல் இன்னொன்று.

புளிப்பு மிகுந்த அந்த மண்ணில் பல பயிர்கள் தலையெடுக்காது; அன்னாசி செழிக்கும். ஆனால் பயிர் வைக்கப் பாரிட் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் காற்றுப் பட்டு மண் மக்கத் தொடங்குகிறது, சுருங்கித் தாழ்கிறது. மேற்கு ஜோகூரின் இத்தகைய நிலங்களைப் பற்றி 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, நிலம் ஆண்டுக்குச் சராசரியாக 2 சென்டிமீட்டர் தாழ்வதாகச் சொன்னது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு மண் மக்கிக் கரியமில வாயுவாகப் பறந்துபோவதால் ஏற்படுவது, மீதி சுருங்குவதால். வேர் வெளியே தெரிய, சாய்ந்து நிற்கும் செம்பனை மரங்களை இந்தப் பக்கத்தில் பார்க்காதவர் யார்?

இதையும் கம்பு நட்டே அளக்கிறார்கள். அடியிலுள்ள களிமண்வரை இறக்கி நட்ட கம்பம், ஆண்டுகள் போகப் போக நீண்டுகொண்டே போவதுபோலத் தெரியும். துருவத்தில் கம்பு குட்டையாகிறது, இங்கே நீள்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால் 25 ஆண்டுகளில் அரை மீட்டர். உலகக் கடல்மட்டம் இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் உயர்கிறது. 25 ஆண்டுகளில் 10 சென்டிமீட்டர். கடல் ஏறுவதைவிட நிலம் இறங்குவதே இங்கே ஐந்து மடங்கு வேகம். கரையோர அணைகளும் மதகுகளும் நீர் இறக்கத்தின்போது வாய்க்கால் தண்ணீரைக் கடலுக்கு விட்டுத்தான் இந்த வட்டாரத்தைக் காக்கின்றன. நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள உயர வித்தியாசம் குறையக் குறைய, தண்ணீர் தானாக வடியும் நேரமும் குறையும். பிறகு பம்ப் வைத்து இறைப்பதுதான் வழி.

கடல் ஏறுவதை நாம் இங்கிருந்து நிறுத்த முடியாது. நிலம் இறங்குவதை மட்டுப்படுத்த முடியும். வாய்க்காலில் தடுப்பு வைத்து, பயிருக்குப் பாதகமில்லாத அளவுக்கு நீர்மட்டத்தை உயர்த்தி வைத்தால் கருமண் மக்கும் வேகம் குறையும். வறட்சிக் காலத்தில் தீப்பிடிக்கும் ஆபத்தும் குறையும். காற்றில் கலக்கும் கரியமில வாயுவும் குறையும்.

அடுத்த முறை தோட்டத்துப் பக்கம் போகும்போது, பாரிட்டில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். தரைக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் கூடக்கூட, நிலம் இறங்கும் வேகமும் கூடும்.